பதின்மூன்று பேருக்குத் திட்டமிட்டு ஒன்பது பேர் போன பயணம்: கொரோனாக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வன்னியிலிருந்து ஒரு நீர்ப்பூங்காச் சுற்றுலா

இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் தண்ணீரை நம்பி நெல் விதைக்கும் ஒரு கிராமத்தில் நடந்தது இது. 2021 டிசம்பர் கடைசியில், மூன்று குடும்பங்கள் சேர்ந்து கொழும்பு மாவட்டத்தின் ஹங்வெல்லைப் பக்கம் இருக்கும் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போகத் திட்டமிட்டன. திட்டமிடும்போது நான் கூட இருந்தேன், பயணத்தில் போகவில்லை. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, ஆட்களின் பெயரும் பூங்காவின் பெயரும் இல்லாமல் எழுதுகிறேன். சுற்றுலா ஒழுங்கு செய்கிறவர்களுக்கு மட்டுமல்ல, கோயில் பயணம், பள்ளிச் சுற்றுலா என்று வான் பிடிக்கிற எல்லோருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பின்னணி

முதல் குடும்பத்தில் தகப்பன் வயலும் செய்கிறார், ஓட்டோவும் ஓடுகிறார். தாய், 14 வயது மகள், ஐந்தாம் ஆண்டு படிக்கும் 10 வயது மகன். இரண்டாவது, தாயின் தங்கச்சி குடும்பம்: அவர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை, கணவர், 8 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக 67 வயது அம்மம்மா. மூன்றாவது, பக்கத்து வீட்டு மேசன் குடும்பம், நான்கு பேர். மொத்தம் 13 பேர்.

அவர்கள் ஊர்ப் பக்கம் அப்போது இப்படியொரு பூங்கா இருக்கவில்லை. சறுக்கு, அலைத் தடாகம், இராட்டினம் எல்லாம் பிள்ளைகள் போனில் பார்த்தவைதான். தாய்க்கு இதில் வேறொரு பிடிவாதமும் இருந்தது. மூத்த மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, 2009 இல், போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தவர்கள் அவர்கள். 'பிள்ளையளுக்கு ஒரு நாளாவது சும்மா விளையாட்டுக்கெண்டு எங்கையாவது போகவேணும்' என்று அவர் சொல்லத் தொடங்கியே பல வருடங்கள் ஆகியிருந்தன.

முதல் திட்டம் 2020 ஏப்ரல் விடுமுறைக்குப் போட்டது. மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. பஸ்காரரிடம் கொடுத்த முற்பணத்தில் பாதி உடனே திரும்பியது, மீதி துண்டு துண்டாக வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. இரண்டாவது திட்டம் அந்த ஆண்டு டிசம்பருக்கு. ஒக்ரோபரில் மேல் மாகாணத்தின் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கூட்டமாகத் தொற்று, தொடர்ந்து பேலியகொடை மீன் சந்தையிலும். மேல் மாகாணத்துக்குப் போவதையே யாரும் நினைக்கவில்லை.

2021 சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு நடந்த இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வான் கோயில் பயணம் போனது. ஏறும்போதே ஒருவருக்குக் காய்ச்சல் குணம் இருந்தது. பனடோல் போட்டுக்கொண்டு ஏறினார். திரும்பி வந்த கிழமையில் அந்த வானில் போன பலருக்குத் தொற்று. ஊரே அவரைத் திட்டியது. ஆனால் அவர் ஏன் ஏறினார் என்று நான் விசாரித்தபோது, ஏற்கெனவே கட்டிய காசு திரும்பி வராது என்பதும், தன்னால் பயணம் குழம்பிவிட்டதென்று சொல்வார்களே என்பதும்தான் காரணமாகக் கிடைத்தன. இந்த இரண்டு காரணங்களும் பிறகு எங்கள் திட்டத்தில் பெரிய இடம் பிடித்தன.

அந்த மே மாதம் 21 முதல் ஒரு மாதப் பயணத்தடை, ஓகஸ்ட் 20 முதல் ஒக்ரோபர் 1 வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கு. ஓகஸ்டில் அம்மம்மாவின் தங்கை தொற்றால் இறந்தார். கிரியைக்கு யாரும் போகவில்லை. அதற்குப் பிறகு அம்மம்மா கடைக்குப் போவதைக்கூட விட்டுவிட்டார்.

ஏன் டிசம்பர், ஏன் ஹங்வெல்லை

மாகாணங்களுக்கு இடையிலான பயணத்தடை 2021 ஒக்ரோபர் 31 அதிகாலை 4 மணியோடு நீங்கியது. அடுத்த கிழமையே பிள்ளைகள் பேச்சைத் தொடங்கிவிட்டார்கள்.

தகப்பன் முதலில் திருகோணமலைக் கடலைச் சொன்னார். தூரமும் குறைவு, செலவும் குறைவு. ஆனால் டிசம்பர் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம், கிழக்குக் கடல் பிள்ளைகளை இறக்கக்கூடிய கடலாக இருக்காது. முல்லைத்தீவுக் கடலும் அப்படித்தான். எங்கள் பக்கம் மாரி கொட்டும் அந்த நாட்களில் ஹங்வெல்லைப் பக்கம் காலையில் பெரும்பாலும் வெயில் இருக்கும், பின்னேரம்தான் மழை இருண்டு வரும். அதனால் பூங்காதான் என்று முடிவானது.

தள்ளிப் போடலாமா என்ற கேள்விக்குப் பதில் சொன்னது மகன் எழுதவிருந்த ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. அது 2022 ஜனவரி 22 ஆம் திகதி. மகனுக்குத் தொற்றினாலோ, வீட்டில் ஒருவருக்குத் தொற்றி அவன் தனிமையில் இருக்க நேர்ந்தாலோ பரீட்சை போய்விடும். அதனால் டிசம்பருக்குள் போய்வர வேண்டும், தவறினால் பரீட்சை முடியும்வரை இல்லை என்று தாய் கோடு போட்டார். பிறகு டிசம்பர் தொடக்கத்தில் ஒமிக்ரோன் நாட்டுக்குள் வந்துவிட்டதென்று செய்தி வந்தபோதும் அந்தக் கோடு அசையவில்லை. பயத்தில் நாளுக்கொரு முடிவு எடுக்காமல் இருந்ததற்கு அந்தத் திகதிதான் உதவியது.

அம்மம்மா நவம்பர் கடைசியில் மூன்றாவது ஊசி போட்டார். பெரியவர்கள் எல்லோரும் இரண்டு ஊசி போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை.

நேரக் கணக்கு

பூங்காவின் முகநூல் பக்கத்தில் காலை 9 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும் என்று இருந்தது. அது பழைய நேரம். தொழிற்சாலையில் சிங்களம் பழகியிருந்த சித்தி போன் எடுத்துக் கதைத்து, மகனின் கணக்குக் கொப்பியின் பின் பக்கத்தில் பதிலை எழுதினார். அந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். '10 – 4. திங்கள் பூட்டு. பேர் முன்னமே குடுக்க வேணும். காசு வாசலில். முதல் நாள் 4 மணி வரை ஆள் குறைக்கலாம். அலைத் தடாகம் பிரிவு பிரிவாக. பருத்தி உடுப்பு இறங்க விடாது. சாப்பாடு கொண்டு வரலாம், வெளிக் கொட்டிலில் சாப்பிட வேணும்.' முழுத் திட்டமும் இந்த எட்டு வரிகளில்தான் நின்றது.

எங்கள் பக்கத்துப் பயணப் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். இரவு பத்து மணிக்கு வெளிக்கிட்டு, வானில் நித்திரை கொண்டு, விடிய எங்காவது முகம் கழுவி, பகல் முழுக்கச் சுற்றிவிட்டு அன்றிரவே திரும்புவது. அறைக் காசு மிச்சம். கதிர்காமத்துக்கும் இப்படித்தான், கொழும்புக்கும் இப்படித்தான். ஒன்பது மணித்தியாலம் திறந்திருக்கும் பூங்காவுக்கு இது சரிவரும். ஆறு மணித்தியாலம் என்றால் சரிவராது. வழியில் ஒரு மணித்தியாலம் பிந்தினாலே ஆறில் ஒரு பங்கு போய்விடும். நித்திரை கெட்ட ஆறு வயதுப் பிள்ளை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே சுருண்டு படுத்துவிடும். கட்டுகிற நுழைவுக் கட்டணம் மட்டும் குறையவில்லை.

அதனால் பூங்கா வாசலில் காலை ஒன்பதரைக்கு நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்த்தார்கள். குருநாகலில் ஓரிரவு தங்குவது, அங்கிருந்து காலை ஆறரைக்கு வெளிக்கிடுவது, கிளிநொச்சியிலிருந்து முதல் நாள் பதினொரு மணிக்குப் புறப்படுவது. கொழும்பில் சொந்தக்காரர் வீடு இருந்தது, காசில்லாமல் தங்கலாம். ஆனால் அங்கே நீரிழிவோடு ஒரு முதியவர் இருந்தார். வானில் வரும் பதின்மூன்று பேரையும் அந்தச் சின்ன மாடிவீட்டுக்குள் இறக்குவது யாருக்கும் நல்லதல்ல என்று தகப்பன் மறுத்தார். சொந்தக்காரருக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான்.

பருத்தி உடுப்பு என்ற வரி சின்னதாகத் தெரியும். ஆனால் 14 வயது மகளுக்கு அதுதான் பெரிய விஷயம். உடுப்பு மாற்றும் அறைகளில் பாதியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிய வந்தபோது, 'நான் கரையில இருக்கிறன்' என்று சொல்லிவிட்டாள். சித்தி அவளைக் கிளிநொச்சிச் சந்தைக்குக் கூட்டிப்போய், முழுக்கை நைலோன் மேற்சட்டையும் நீளக் காற்சட்டையும் வாங்கிக் கொடுத்தார். குருநாகலிலிருந்து வெளிக்கிடும்போதே அதை உடுத்து, மேலே சாதாரண உடுப்புப் போட்டுக்கொண்டு போவதென்று இருவரும் தங்களுக்குள் முடிவெடுத்தார்கள். இதைக் கேட்காமல் போயிருந்தால் அந்தப் பிள்ளை ஆறு மணித்தியாலமும் பைக்குக் காவல் இருந்திருக்கும்.

காசும், விலகுகிறவரும்

இனித்தான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி.

வான் 45,000 ரூபா, அறைகள் 18,000 ரூபா. அம்மம்மாவைக் கணக்கில் எடுக்காமல் வீட்டுக்கு நான்கு பேர் என்று மூன்றாகப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு 21,000. மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டதால் அந்த மாரிகால நெற்செய்கையான காலபோகத்தில் என்ன விளையும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. மேசன் கூலி நாளுக்கு நாள் வருவது. ஆகவே 21,000 என்பது மூன்று வீட்டுக்கும் பெரிய காசு.

கோயில் வானின் கதையை எல்லோரும் அறிவார்கள். அதை எடுத்துவைத்து நான் கேட்டது இதுதான்: புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒருவருக்குத் தொண்டை நோவு வந்தால், 21,000 ரூபாவையும் விட்டுவிட்டு அவர் வாய் திறப்பாரா? கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை. ஊரில் சீட்டுப் பிடிக்கும் அக்கா ஒருவரும் அன்று வந்திருந்தார். வழி சொன்னது அவர்தான். ஒவ்வொரு வீடும் 3,500 ரூபா பொதுக்காசாகப் போடுவது. யாராவது விலகினால், அவர்களுடைய வான் பங்கை அந்தப் பொதுக்காசிலிருந்து கட்டுவது. குறை வந்தால் போகிறவர்கள் பிரித்துக்கொள்வது. விலகுகிறவர் தன் 3,500 ஐ மட்டும் விடுவார், 21,000 ஐ அல்ல. யாரும் விலகாவிட்டால் பொதுக்காசு சாப்பாட்டுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் போகும்.

கூடவே இரண்டு பேச்சு. காய்ச்சல், இருமல், தொற்றுள்ளவரோடு பழகியது, எதுவாக இருந்தாலும் சித்திக்கு ஒரு போன் போதும், அவர் மேற்கொண்டு கேள்வி கேட்கக் கூடாது. விலகியவரைப் பற்றி ஊரில் காரணம் சொல்லித் திரியவும் கூடாது. தகப்பனுக்கு இதில் முதலில் முழு உடன்பாடு இல்லை. சும்மா மனம் மாறி விலகினாலும் இதே சலுகையா என்று கேட்டார். அப்படி ஒருவர் விலகினால் வரும் நட்டம் சில ஆயிரம், பொய் சொல்லி ஏறினால் வருவது வேறு என்று தாய் சொன்ன பிறகு சம்மதித்தார்.

டிசம்பர் 20 முதல் 27 வரை

20 ஆம் திகதி நள்ளிரவு எரிபொருள் விலை ஏறியது. டீசல் லீற்றர் 111 ரூபாவிலிருந்து 121 ரூபாவுக்குப் போனது. வான்காரர் இன்னும் 2,000 கேட்டார். நியாயம்தான், ஒத்துக்கொண்டார்கள்.

22 ஆம் திகதி இரவு மேசனிடமிருந்து போன். சித்திக்கு எடுக்காமல் நேரே தகப்பனுக்கே எடுத்தார். 'அண்ணை, என்னோட நிண்டு சாந்து குழைச்ச பெடியனுக்குப் பொசிற்றிவ். எனக்கு இப்ப ஒண்டுமில்லை. ஆனா நாங்கள் வரேல்லை.' பிள்ளைகள் பக்கத்தில் அழுவது போனில் கேட்டதாம்.

அறைக் கணக்கில் 6,000 குறைந்தது. வான் பங்கு 15,000, டீசலுக்கு ஏறிய 2,000, மொத்தம் 17,000. பொதுக்காசு 10,500 போக, மிச்சம் 6,500 ஐ இரண்டு வீடும் பாதி பாதியாகப் போட்டார்கள். பூங்காவுக்கு அடுத்த நாளே போன் எடுத்து நான்கு பேரைக் குறைத்தார்கள். அந்த இடங்களுக்கு வேறு ஆட்களைச் சேர்க்கலாமே என்று வான்காரர் சொன்னதை ஏற்கவில்லை. கடைசி நேரத்தில் வருகிறவருக்கு இந்தப் பேச்சுகள் எதுவும் தெரியாது. இருக்கை வெறுமையாக இருப்பதே நல்லது என்பது அவர்கள் முடிவு.

25 ஆம் திகதி மேசனுக்கு அன்ரிஜன் பரிசோதனையில் தொற்று உறுதியானது. இரண்டு நாள் கழித்து மனைவிக்கும்.

பயணமும் பூங்கா நாளும்

27 ஆம் திகதி திங்கட்கிழமை, பதினொரு மணிக்குச் சொல்லிப் பன்னிரண்டுக்கு வெளிக்கிட்டார்கள். எரிவாயுத் தட்டுப்பாட்டால் வழியில் பல சாப்பாட்டுக் கடைகள் பூட்டியிருக்கும் என்பது தெரிந்ததால், விறகடுப்பில் சமைத்த கட்டுச்சோறும் இடிசம்பலும் கையில் இருந்தன. வான் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கியே ஓடினார்கள். மாங்குளம் தாண்டி மழை அடித்தபோது பிள்ளைகள் நனைந்தார்கள், அப்போதும் முழுக்க ஏற்றவில்லை.

அடுத்த நாள் காலை 9.20 க்கு வாசல். அங்கே ஒரு சிக்கல். ஆறு வயதுப் பிள்ளையின் நெற்றியில் கருவியைப் பிடித்தபோது 37.9 காட்டியது. பின்னால் வரிசை. சித்திக்கு முகம் வெளிறிவிட்டது என்று தாய் சொன்னார். ஆனால் இதற்கும் முன்கூட்டியே ஒரு முடிவு இருந்தது: யாருக்காவது சூடு காட்டினால் அந்த வீட்டில் ஒரு பெரியவர் அவரோடு வெளியே நிற்பார், மற்றவர்கள் உள்ளே போவார்கள். கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகினார். வானில் கண்ணாடிப் பக்கம் வெயிலில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்த பிள்ளை அது. பணியாளர் நிழலில் இருத்தி, கால் மணித்தியாலம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். 36.8. உள்ளே விட்டார்கள். அடுத்த இரண்டு நாளும் வீட்டிலும் சூடு பார்த்தார்கள், ஒன்றுமில்லை.

முதலில் தண்ணீர், பிறகு இராட்டினங்கள் என்பது திட்டம். அலைத் தடாகத்தில் பத்து மணிக்கு இறங்கிய பிரிவில் கூட்டமே இல்லை. மகள் தன் நைலோன் உடுப்போடு முதல் ஆளாக இறங்கினாளாம். சறுக்குகளில் வரிசை குறைவு. மத்தியானத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. இராட்டினங்களில் ஒன்றுவிட்டு ஒரு ஆசனத்தில் மட்டும் ஆள் ஏற்றியதால், கூட்டம் பாதியாக இருந்தும் ஒரு சுற்றுக்கு முக்கால் மணித்தியாலம் நிற்க வேண்டி வந்தது. இது பலர் நினைக்காத விஷயம். ஆட்களைக் குறைத்து உள்ளே விடுகிறார்கள் என்றால் வரிசை குறையும் என்று எதிர்பார்ப்போம். ஏற்றுவதையும் குறைத்துவிட்டால் வரிசை அப்படியேதான் இருக்கும். இரண்டரைக்கு இடி முழங்க, தடாகங்களிலிருந்து எல்லோரையும் ஏற்றிவிட்டார்கள். படகுச் சவாரி அன்று நடக்கவே இல்லை, மகனுக்கு அதுதான் குறை.

அம்மம்மா காற்றோட்டமான கொட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகள் வற்புறுத்தி ஆழமில்லாத தடாகத்தின் படியில் கொஞ்ச நேரம் கால் வைக்கச் செய்தார்கள்.

நாலரைக்குத் திரும்பி, இரவு ஒன்றரை மணியளவில் வீடு.

பின்னர்

ஜனவரி 2 ஆம் திகதி சித்தியின் கணவருக்கு இருமல். கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையில் பரிசோதித்ததில் தொற்று இல்லை. முடிவு வரும்வரை பரீட்சை எழுதும் மகன் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. 22 ஆம் திகதி பரீட்சை எழுதினான். போன ஒன்பது பேரில் யாருக்கும் அந்தப் பயணத்தால் தொற்று வந்ததாகத் தெரியவில்லை. ஊருக்குள் தொற்றுப் பரவியது பெப்ரவரியில், அது வேறு கதை.

மேசன் வீட்டில் நால்வரும் தனிமையில் இருந்து சுகமானார்கள். முதல் அறிகுறி அவருக்கு 24 ஆம் திகதி இரவு வந்தது. காசுக்காக அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், பதின்மூன்று பேரும் சாரதியும் திரும்பும் நாளில் மட்டும் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே வானில் இருந்திருப்பார்கள், 67 வயது அம்மம்மா உட்பட. இன்னொரு நாள் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்று பேசியிருந்தார்கள். மார்ச்சுக்குள் டீசல் வரிசை வந்துவிட்டது, அந்தப் பேச்சு நின்றுபோனது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

விலகியவர் 3,500 ரூபாவை விட்டதும் சரியில்லை என்றே இப்போது நினைக்கிறேன். கூலி வேலை செய்கிறவருக்கு அது அப்போது இரண்டு நாள் உழைப்பு. பொதுக்காசைக் கொஞ்சம் கூட்டி, நோயால் விலகுகிறவரின் பங்கையும் திருப்பிக் கொடுக்கும்படி வைத்திருக்க வேண்டும். தகப்பனும் இதையே சொல்கிறார். அடுத்த பயணத்துக்கு வீட்டுக்கு 5,000 என்று பேசியிருக்கிறார்கள்.

போன் எடுத்துக் கேட்பதை நவம்பர் கடைசிவரை விடாமல், எங்கே போவது என்று முடிவெடுப்பதற்கு முன்பே செய்திருக்கலாம். இராட்டினத்தில் ஆசனம் விட்டு ஏற்றுகிறார்களா என்ற கேள்வியையும் அந்தக் கொப்பிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தெரிந்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே முடித்து, மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் வரிசையில் நின்றிருப்பார்கள்.

சாரதியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவர் ஊசி போட்டாரா, முதல் கிழமை யாரை ஏற்றி இறக்கினார், அவருக்குக் காய்ச்சல் என்றால் வான் யார் ஓட்டுவது என்று எந்தக் கூட்டத்திலும் கேள்வி வரவில்லை. குருநாகலில் அவருக்கு அறை எடுத்தார்கள், பூங்கா நேரத்தில் வானுக்குள் படுத்து எழும்பினார், அதனால் இரவு ஓட்டம் பத்திரமாக முடிந்தது. ஆனால் காய்ச்சலைச் சொன்னால் ஹயர் போய்விடும் என்ற பயம் மேசனைவிட அவருக்குத்தான் கூட. பொதுக்காசு ஒழுங்கில் அவருடைய கூலியும் சேர வேண்டும்: நோயால் வர முடியாமல் போனால் அரை நாள் கூலி அவருக்கு, மாற்றுச் சாரதியை வான் சொந்தக்காரர் ஒழுங்கு செய்து தர வேண்டும், இரண்டையும் முற்பணம் கொடுக்கும்போதே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.